சுதையும் சுவரும்

உடலைத் தோல் காப்பது போலச் சுவரைப் பூச்சுக் காக்கின்றது. வெயிலும் மழையும் காற்றும் முதலில் தாக்குவது பூச்சையே. அது தேய்ந்து தேய்ந்து உள்ளிருக்கும் கல்லையும் மண்ணையும் தேயாமல் வைக்கின்றது. தோல் வெறும் போர்வை அன்று; உடலினுள் தோன்றும் வியர்வையை வெளியேற்றும் வாயிலும் அதுவே. பழங்காலத்துச் சுண்ணாம்புப் பூச்சும் அத்தகையதே. அது புறத்தே பெய்யும் மழையைத் தடுப்பதோடு, சுவரினுள் ஊறிய ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே போக்குகின்றது. இவ்வியல்பை அறியாமல் பழைய சுவரைப் புதுப்பிக்கப் புகுவோர், அழகு செய்ய எண்ணி அழிவு செய்துவிடுதல் உண்டு.

கோயம்புத்தூருக்கு வடகிழக்கே, சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது அன்னூர். மன்னீசுவரர் கோயில் கொண்ட பழம்பதி அது. அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தொட்டிக்கட்டு வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. நடுவே வானம் நோக்கிய தொட்டி, நாற்புறமும் ஓட்டுக் கூரை, முன்னே திண்ணை, உள்ளே விருந்தினரை இருத்தும் ஆசாரம், இவையே அவ்வீடுகளின் அமைப்பு. அவற்றின் சுவர்களுட் பல, கல்லையோ செங்கல்லையோ மண்சாந்து கொண்டு அடுக்கி, மேலே சுண்ணாம்புக் காரை பூசப்பெற்றவை. உள்ளே மண், வெளியே சுண்ணம். இரண்டும் ஈரத்தை வாங்கவும் விடவும் வல்லன. ஆதலின் ஒன்றோடொன்று பகைக்காமல் பல தலைமுறை ஒருங்கே வாழ்ந்தன.

அத்தகைய வீடு ஒன்றைக் கருதுக. அதன் தலைவர் மறைந்தபின் பொறுப்பு இளைஞனாகிய மகனிடம் வந்தது. மேற்குப் புறச் சுவரில் பூச்சு உப்பி ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. அடிப்பகுதியில் உவர் பூத்து வெள்ளைத் தூளாய் வழிந்தது. திண்ணையை ஒட்டிய சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் படர்ந்திருந்தன. “எல்லாவற்றையும் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டு பூசிவிட்டால் இனி ஐம்பது ஆண்டுகளுக்குக் கவலை இல்லை” என்று அண்டை அயலார் கூறினர். இளைஞனும் அதற்கு இசைந்தான். ஆனால் அவனுடைய தாயார், “உன் அப்பாவின் காலத்தில் வேலை செய்த பெரிய கொத்தனாரை ஒருமுறை அழைத்துக் காட்டிவிட்டுப் பிறகு செய், கண்ணு” என்றார். தாயின் சொல்லைத் தட்டாத மகன் அவ்வாறே செய்தான்.

முதியவர் வந்தார். கையில் சிறு சுத்தியல் ஒன்றே கொண்டு வந்தார். வந்தவர் சுவரைப் பாராமல் முதலில் கூரையைப் பார்த்தார்; பிறகு தரையைப் பார்த்தார். அதன்பின்னரே சுவரைத் தட்டலானார். சில இடங்களில் ‘டண்’ என்னும் கெட்டியான ஓசை எழுந்தது. சில இடங்களில் வெற்றுக் குடத்தைத் தட்டினாற்போலப் பொள்ளல் ஓசை கேட்டது. கெட்டியாய் ஒலித்த இடங்களை விட்டுப் பொள்ளலாய் ஒலித்த இடங்களை மட்டும் கரிக்கட்டியால் வளைத்துக் கோடிட்டார். கோட்டுக்குள் அடங்கியது சுவரின் மூன்றில் ஒரு பங்குதான்.

பிறகு அவர் சுவரின் மூலையில் இருந்த ஒட்டுப்பூச்சு ஒன்றைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் சிமெண்டு கொண்டு அடைத்த இடம் அது. ஒட்டு முறியாமல் முழுப் பலகைபோல நின்றது. ஆனால் சுவரைவிட்டு விலகி நின்றது. விரலால் அசைத்த அளவில் அது பெயர்ந்து வந்தது. வரும்பொழுது தன்னோடு செங்கல்லின் முகத்தையும் ஒரு விரற்கடை அளவு உரித்துக்கொண்டு வந்தது. அதன் பின்புறம் ஈரத்தால் கறுத்திருந்தது.

“தம்பி, இதில் கெட்டது சிமெண்டு அன்று, சுவர்” என்றார் முதியவர். “சிமெண்டு கல்லாய் நின்றது. அதன் பின்னால் நீர் புகுந்தது. புகுந்த நீருக்குப் போக வழி இல்லை. முழுச்சுவருக்கும் இதையே பூசினால் முழுச்சுவருக்கும் இதுவே நேரும்.”

அம்முதியவர் கைப்பழக்கத்தால் அறிந்த உண்மைக்கு அறிவியலும் சான்று கூறுகின்றது. சுண்ணாம்பின் வரலாறு ஒரு வட்டம் போன்றது. கொங்கு நாட்டில் நிலத்தை அகழும்போது சுக்கான்கல் பல இடங்களில் கிடைக்கும். கோயம்புத்தூருக்குத் தெற்கே மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் மிகுதி. இக்கல்லைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 சென்டிகிரேடு பாகை வெப்பத்தில் சுட்டால், அதனுள் அடங்கிய கரியமில வாயு நீங்கிவிடும். மாசற்ற கல் 100 கிலோகிராம் இட்டால், 44 கிலோகிராம் வாயுவாய்ப் போக, 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதன்மேல் நீரை வார்த்தால் அது கொதித்துச் சீறிப் பொடியாய் மலரும். இதனை நீற்றுதல் என்பர். நீற்றிய சுண்ணாம்பைச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாகத் தன்பால் ஈர்க்கும். முன்னர்ப் பிரிந்து சென்ற அதே அளவு வாயு மீண்டும் வந்து சேரும்போது, சுண்ணாம்பு பழையபடி கல்லாகின்றது. கல்லாய்ப் பிறந்து, நெருப்பில் நீறாகி, நீரில் குழைந்து, காற்றை உண்டு மீண்டும் கல்லாதலே சுண்ணாம்பின் வாழ்க்கை.

இவ்வட்டத்தை அறிந்தால் பூச்சுவேலையின் முறைகள் அனைத்தும் விளங்கும். காற்று உட்சென்றால்தான் பூச்சுக் கல்லாகும். ஆகவே அதனை ஒரேயடியாகத் தடித்துப் பூசுதல் ஆகாது. இம்மாற்றம் ஈரத்தின் துணையின்றி நிகழாது. ஆகவே பூச்சை விரைந்து உலரவிடுதலும் ஆகாது. முழுதும் கல்லாக நெடுநாள் செல்லும். ஆகவே பொறுமையின்றி வேலை செய்தல் ஆகாது.

நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தைச் சுதை என வழங்கினர். கோபுரங்களில் நிற்கும் சுதையுருவங்கள் அச்சாந்தால் ஆனவையே. பாண்டியன் அரண்மனையைப் புனையும் நெடுநல்வாடை, அங்குச் சுதை பூசப்பட்டிருந்த செய்தியைக் கூறுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியங்கள் மறைந்திருந்தமையை 1931ஆம் ஆண்டில் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக அவ்வோவியங்களைத் தாங்கி நிற்கும் நிலமும் சுண்ணாம்புப் பூச்சே.

மதுரையில் திருமலை நாயக்கர் 1636ஆம் ஆண்டில் எடுத்த மாளிகை, பழைய சுதையைப் பேணுதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. செங்கல்லால் கட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டையின் வெண்கரு சேர்த்து இழைத்துப் பளிங்குபோல் மெருகிட்டனர் அக்காலக் கொத்தர். பின்னாளில் அம்மாளிகையின் பெரும்பகுதி அழிந்தது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக விளங்கிய நேப்பியர் பிரபு எஞ்சியதைப் பழுதுபார்க்கச் செய்தார். உரிய காலத்தில் ஒருவர் கருத்தூன்றியதனால் அம்மண்டபங்களை இன்றும் காண முடிகின்றது. கடற்கரை நாட்டார்க்குக் கிளிஞ்சல். கொங்கு நாட்டார்க்குச் சுக்கான்கல். பொருள் வேறாயினும் கலை ஒன்றே.

இனிச் சிமெண்டின் இயல்பைக் காண்போம். 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுக் கொத்தராகிய ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்த்து மிகுந்த வெப்பத்தில் சுடுவதால் கிடைப்பது சிமெண்டு. மதுக்கரையிலும் 1930களில் சிமெண்டுத் தொழிற்சாலை தோன்றியது. நீர் பட்டவுடன் விரைந்து இறுகிப் பெருஞ்சுமை தாங்குதலில் சிமெண்டுக்கு நிகர் சுண்ணாம்பு இல்லை. அணைகளும் பாலங்களும் மாடிக் கட்டடங்களும் அதனால் எழுந்தன. ஆயின் வன்மை எல்லா இடத்தும் நன்மை ஆவதில்லை. வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் அசையும் மண்சுவர்மேல் அசையாத வன்தோல் ஒன்றைப் போர்த்தினால், இரண்டுக்கும் இடையே பிளவு தோன்றும். வெடிப்பின் வழியே மழைநீர் புகும். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளிவிடாது. எனவே நீர் உள்ளேயே தங்கி மண்சாந்தைக் கரைக்கும். அடியிலிருந்து ஏறும் ஈரமும் வெளியேற வழியின்றி மேலும் மேலும் உயர்ந்து, உவரைச் சுவரின் நடுமார்புவரை கொண்டு செல்லும். மெழுகுத் தன்மையுள்ள வண்ணப் பூச்சுகளும் இத்தீங்கையே விளைக்கும்.

சுண்ணாம்போ மெலியது, ஆயினும் இணங்குவது. சுவர் சிறிது அசைந்தால் தானும் அசையும். மயிரிழை வெடிப்பு உண்டானால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அவ்வெடிப்பில் தங்கி இறுகி, காலப்போக்கில் அதனைத் தானே மூடும். தன் புண்ணைத் தானே ஆற்றும் இத்தன்மை அதற்குரிய தனிச்சிறப்பு.

நோய்க்கு மருந்திடும் மருத்துவன் நோயின் மூலத்தை ஆராய்வான். முதியவரும் அவ்வாறே ஆராய்ந்தார். பூச்சு உதிர்ந்தது நோய் அன்று, நோயின் அறிகுறி என்பதை அவர் இளைஞனுக்கு உணர்த்தினார். மேற்கு இறவாணத்தில் ஓடுகள் சில உடைந்து நழுவியிருந்தன. அவ்வழியே நீர் சுவருக்குள் இறங்கியது. தெருவின் மட்டம் ஆண்டுதோறும் உயர்ந்து, சுவரின் அடியில் மண் குவிந்து, ஈரம் நேரே சுவரைத் தொட்டது. ஆகவே பூச்சுவேலை தொடங்குமுன் ஓடுகளை மாற்றினர். சுவரோரத்து மண்ணை வெட்டி எடுத்து, நீர் வீட்டைவிட்டு விலகி ஓடுமாறு வாட்டம் அமைத்தனர். திண்ணைச் சுவரின் வெடிப்புகளுள் சற்று அகன்ற ஒன்றன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டிவைத்தனர். சுவர் இன்னும் அசையுமாயின் கண்ணாடி முறியும். சில திங்கள் கழித்தும் அது முறியவில்லை. அசைவு நின்றதென்று அறிந்தபின்னரே அவ்வெடிப்பை அடைத்தனர்.

இதற்கிடையில் சாந்துக்கு வேண்டியவற்றை ஆயத்தம் செய்தனர். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வடிகட்டி, நீருக்கடியில் பல வாரம் ஊறவைத்தனர். ஊறுந்தோறும் அது வெண்ணெய்போல் குழையும். நீற்றும்போது அருகில் சிறுவரை விடவில்லை. கொதிக்கும் சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வையே கெடும் என்பதை முதியவர் நன்கு அறிவார். மணலைக் கண்ணாடிக் குவளையில் நீரோடு குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டலின் அளவைக் கண்டு, மிகுதியானதைக் கழுவி எடுத்தனர். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொது அளவு. ஈரம் மிகும் அடிப்பகுதிக்கு மட்டும் மணலில் ஒரு பகுதியைக் குறைத்து, நன்கு வெந்த செங்கல்லின் தூளைச் சேர்த்தனர். செங்கல் தூள் சேர்ந்த சாந்து ஈரத்திலும் இறுகும் ஆற்றல் உடையது. கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைச் சாந்தில் சேர்ப்பதும் பழைய மரபு. அதுவும் அளவோடு அமைய வேண்டும். அளவு மிஞ்சினால் பூச்சு இறுகாது.

கோடிட்ட இடங்களில் மட்டும் பழம்பூச்சைக் கொத்தி எடுத்தனர். கெட்டியாய் நின்ற பூச்சில் உளிபடவில்லை. சிமெண்டு ஒட்டுகளுள் தாமே விலகியவற்றை நீக்கினர். சுவரை இறுகப் பற்றியிருந்தவற்றை வன்மையாய்ப் பெயர்த்தால் செங்கல் உடையுமாதலின், அவற்றை அவ்வாறே விட்டனர். கல்லிடுக்குகளைச் சுரண்டித் தூசு போக்கி, நீர் தெளித்துச் சுவரின் தாகத்தை ஆற்றினர். வறண்ட சுவரில் பூசினால் அது சாந்தின் நீரை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். முதற்பூச்சை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்தில் கரண்டியால் அழுத்தி அப்பி, அது சற்று இறுகியதும் குறுக்கும் நெடுக்கும் கீறினர். கீறல், அடுத்த பூச்சுக்குப் பிடிமானம். சில நாள் சென்றபின் இரண்டாம் பூச்சு; அதனை மணியாசுக் கட்டையால் தேய்த்து மட்டம் செய்தனர். இறுதியில் நுண்ணிய மணல் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று. ஒவ்வொரு பூச்சின்மேலும் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டு, நாள்தோறும் நீர் தெளித்து வந்தனர்.

வேலைக்குரிய பருவத்தைத் தேர்ந்ததும் ஓர் அறிவே. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடித்திங்களில் வீசும் காற்று, பூச்சின் ஈரத்தைக் கவர்ந்து வெடிக்கச் செய்யும். ஐப்பசி கார்த்திகை மழை, இறுகாத பூச்சைக் கரைக்கும். பங்குனி சித்திரை வெயிலோ பூச்சை வறுத்துவிடும். ஆகவே மழை ஓய்ந்த மார்கழியில் தொடங்கி, வெயில் முதிருமுன் மாசியில் முடிக்குமாறு வகுத்துக்கொண்டனர்.

இறுதியாக வெள்ளை அடித்தனர். சுண்ணாம்பை மோர்போல் நீர்க்கக் கரைத்து, சிறிது நீலம் சேர்த்து, நனைந்த சுவரில் மெல்லியதாகப் பலமுறை பூசினர். பூசும்போது அது கண்ணுக்குத் தெரியாது. இளைஞன், “ஒன்றும் பற்றவில்லையே, ஐயா!” என்று கவன்றான். “நாளைக் காலையில் வந்து பாருங்கள், தம்பி” என்று முதியவர் நகைத்தார். மறுநாட்காலையில் சுவர் நிலவொளிபோல் வெளுத்து நின்றது. அவ்வெண்மை வெயிலை எதிரொளித்து வீட்டினுள் வெப்பம் தணியவும் துணை செய்தது.

கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன் வீடுகளுக்கு வெள்ளை அடித்து, பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டுவது வழக்கம். வெள்ளையடித்தல் விழாக்கோலம் மட்டும் அன்று. ஓராண்டில் தேய்ந்த தோலை அடுத்த ஆண்டு நிரப்பும் பேணுகையும் அதுவே. ஆண்டுதோறும் ஒரு மெல்லிய படலம் சேர்ந்து, நுண்வெடிப்புகளை அடைத்து, பூச்சின் ஆயுளை நீட்டித்தது. “ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடலாம்” என்னும் எண்ணம் பரவி, இவ்வழக்கம் கைவிடப்பட்ட வீடுகளிலேயே பூச்சு முதலில் உதிர்ந்தது.

இத்தகைய வேலைக்கு நாள் மிகுதியாகும். கூலியும் அதற்கேற்ப உயரும் என்பது உண்மையே. முறையறிந்த கொத்தர் அருகிவருவதும் உண்மை. இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் இருபதாம் நூற்றாண்டில் பழைய மண்சுவர்களுக்கும் கற்சுவர்களுக்கும் சிமெண்டு பூசி, ஈரம் தங்கி, பலர் இடர்ப்பட்டனர். வில்லியம் மோரிஸ் முதலியோர் 1877ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழஞ்சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது என்பதை இன்றும் வற்புறுத்தி வருகின்றது. கலை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அது கையிலும் இருத்தல் வேண்டும்.

அவ்வுண்மையை உணர்ந்தமையால், வேலை முடியும்வரை அவ்விளைஞன் முதியவரைவிட்டு அகலவில்லை. கரண்டி பிடிக்கவும், சாந்தின் பதத்தை விரலால் அறியவும், சுவரைத் தட்டி ஓசை கேட்கவும் கற்றான். முதியவர் விடைபெறும் நாளில், தாம் கொண்டுவந்த சிறு சுத்தியலை அவன் கையில் கொடுத்து, “அடுத்த மார்கழியில் நான் வர இயலாமற் போகலாம், நீங்களே தட்டிப் பாருங்கள், தம்பி” என்றார். அவன் அதனை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

பழையது என்பதனாலேயே ஒன்றை அழித்தல் அறிவன்று. பழையது என்பதனாலேயே ஆராயாமல் போற்றுதலும் அறிவன்று. எப்பொருளையும் அதன் இயல்பறிந்து, அதற்கு இணங்குவதைக் கொண்டு, உரிய காலத்தில் சிறிது சிறிதாகப் பேணுதலே அறிவு. சுவருக்குப் பொருந்தும் இம்முறை வாழ்வின் பிற துறைகளுக்கும் பொருந்துவதாகும்.

பயிற்சி

1. சுண்ணாம்பின் வரலாறு வட்டம் போன்றது எனப்படுவது ஏன்?
2. முதிய கொத்தனார் சுவரைப் பார்ப்பதற்கு முன் கூரையையும் தரையையும் பார்த்ததன் காரணம் யாது?
3. மண்சாந்தால் கட்டிய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஒவ்வாமையை விளக்குக.
4. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்தால் சுவர் பெறும் நன்மைகள் யாவை?
5. உங்கள் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைக் கண்டு, அதன் சுவரின் நிலையைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.